ஹோசியா பேரில் ஒரு சட்டம்

பெத்தேல் ரோடு,
வியாழக்கிழமை, விடாத மழை.

அன்பும் மரியாதையும் நிறைந்த வெர்னீஸ் அக்காவுக்கு,

தங்கை ஆர்லீதா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் சுகம், இவரும் சுகம், இவருடைய முழங்கால் வலியும் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. டெட்ராய்ட்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பீர்கள், அதுவும் ஒரு சுகம்தான். நலம் விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம் என்னவென்றால், இவருக்கு ஓட்டுரிமை திரும்பக் கிடைக்கப்போவதைக் கொண்டாட ஈஸ்டருக்கு வருகிறேன் என்று பஸ் டிக்கெட் எடுத்தாயே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. கேக்கும் செய்யாதே. கொண்டாட இங்கே ஒரு மண்ணும் இல்லை.

என்ன ஆயிற்று என்று போனில் கேட்காதே, போனில் சொன்னால் நான் கத்துவேன், கத்தினால் இவர் வெளியே போய் வேனைக் கழுவ ஆரம்பித்துவிடுவார், அதனால் எழுதுகிறேன். பைன் மர வழக்கு உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ மறந்திருப்பாய், இந்த ஊரே மறந்துவிட்டது, வேடிக்கையே அதில்தான். என் மாமனார் நிலத்துப் பத்திரத்தில் எல்லை என்ன போட்டிருந்தது? ஓடைக்கரைக் கல்லில் ஆரம்பித்துப் பெரிய பிசின் மரம் வரைக்கும். எந்தப் புத்திசாலி எழுதினானோ, மரம் என்றைக்கும் நிற்கும் என்று நினைத்திருக்கிறான். அந்தச் சூறாவளி வருஷத்தில் பிசின் மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. அது நின்ற இடம் இது என்று இவர் சொன்னார், இல்லை அது அந்தப் பக்கம் என்று மரக்கம்பெனிக்காரன் சொன்னான். ஜட்ஜுக்கு யார் சொன்னது காதில் விழுந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டாம். நம் வீட்டு மரம் என்று நம்பி இவர் வெட்டின பதினோரு பைன், ஒரே நாளில் திருட்டு மரமாகிவிட்டது. தண்டனையை அனுபவித்து வந்தார், ஆயிற்று, முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வெளியே வந்தவருக்கு வீடு திரும்பக் கிடைத்தது, வேலை கிடைத்தது, காத்திருந்த பெண்டாட்டியும் கிடைத்தாள், ஓட்டு மட்டும் கிடைக்கவில்லை.

அதற்காக இவர் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. தேர்தல் வந்தால் விடியும் முன்பே எழுந்து நம் சர்ச் சபை வேனை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், பஸ்ஸுக்கு வக்கில்லாதவர் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டுச்சாவடியில் இறக்குவார். இறக்கிவிட்டு வெளியே அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால் “காலையிலேயே வந்து போட்டுட்டேன்” என்பார். போன நவம்பரில் கண் மங்கிப்போன மிஸ் ஐடெல்லா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உள்ள வா ஹோசியா, பேரைப் படிச்சுச் சொல்லு, உள்ள இருக்கிற குட்டிப் பொண்ணுங்க வாய்க்குள்ளயே முணுமுணுக்குதுங்க” என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டிருக்கிறாள். ஒருவருக்குத் துணையாக உள்ளே போகலாமா கூடாதா என்று இவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். “முழங்கால் வலிக்குதும்மா” என்றாராம். “மீன் பொரிக்கிற இடத்துக்கு ஓடறப்ப மட்டும் வலிக்காதோ?” என்று கிழவி தலையில் குட்டாத குறையாகத் திட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கீரையும் சோளரொட்டியும் அப்படியே வைத்தது வைத்தபடி எழுந்துவிட்டார். “ஆர்லீதா, சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நானும் உள்ள போகணும்” என்றார். இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் அக்கா.  நானோ, “அதுக்கு ஏன் ரொட்டிய வீணாக்கறீங்க?” என்று சத்தம் போட்டேன்.

மறுநாளே கோர்ட் கட்டடத்துக்குப் போனோம். அங்கே கவுன்டரில் இருந்த கிளார்க் அம்மாள் எதையோ தட்டிப் பார்த்து, “மரத் திருட்டு பட்டியல்ல இருக்கே” என்றாள். “என்ன பட்டியல்?” என்றேன். எந்தெந்தக் குற்றம் செய்தால் ஆயுசுக்கும் ஓட்டுக் கிடையாது என்று ஒரு பட்டியல். நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் சில வெள்ளைக்கார மகான்கள் கூடி உட்கார்ந்து, நம் கறுப்பு ஜனங்கள் எதற்கெல்லாம் மாட்டுவார்கள் என்று யோசித்து யோசித்து எழுதினதாம். திருட்டு உண்டு, மரம் வெட்டினது உண்டு, இரண்டு பெண்டாட்டி உண்டு, கொலை மட்டும் அதில் இல்லாமல் இருந்ததாம்! பிற்பாடு வந்தவர்களுக்கு வெட்கமாகப் போய்க் கொலையையும் சேர்த்திருக்கிறார்கள். போதைப்பொடி விற்றது இன்றுவரை கிடையாது. ஆகவே நம் சித்தப்பா மகன் டெர்வின் இருக்கிறானே, கார் டிக்கியைத் திறந்துவைத்து மளிகைக்கடை மாதிரி பொடி விற்றவன், அவன் ஜெயிலில் இருந்தபடியே தபாலில் ஓட்டுப் போட்டிருக்கிறான்! வெளியே வந்ததும் “நம்ம கடமைய நாம செய்யணும் மாமா” என்று இவருக்குப் புத்தி வேறு சொன்னான். செருப்பைத் தேடினேன், ஓடிவிட்டான்.

சரி, வழி என்ன என்று கேட்டால், நம் தொகுதிச் சட்டசபை உறுப்பினரைப் பாருங்கள் என்றாள் அந்த அம்மாள். அவர்தான் அந்த ராண்டல் ப்ரூயிட், நெடுஞ்சாலையில் படகுக் கடை வைத்திருக்கிறவர். போனோம். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அவருடைய நாய் படுத்திருந்தது. “அந்தப் படகுல ஏறி உக்காருங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் அதுவுமாக நான் முன்பக்கம், இவர் பின்பக்கம், நடுவில் தூண்டில் செருகுகிற குழாய். தண்ணீர் இல்லாத படகில் உட்கார்ந்து நியாயம் கேட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அந்த ஆளுக்கு இவர் வயதில் பாதிகூட இருக்காது, “என்ன ஹோசியா, மரமா வெட்டினே?” என்று நீ, வா, போ என்கிறார், இவர் வார்த்தைக்கு வார்த்தை சார் போடுகிறார். “உன் பேர்ல ஒரு மசோதா கொண்டுவரணும். கீழ்ச்சபையில மூணுல ரெண்டு பங்கு, மேல்சபையில மூணுல ரெண்டு பங்கு, அப்புறம் கவர்னர்” என்றார். “எனக்கு ஒருத்தனுக்கா சார்?” என்று இவர் கேட்டார். “உனக்கு ஒருத்தனுக்குத்தான். உன் பேரு போட்டே சட்டம்!” என்று பரிசுச்சீட்டு விழுந்த மாதிரி சிரித்தார். நம் ஓடைப்பாலம் அடித்துக்கொண்டு போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது, அதற்கு ஒரு பலகை போட இந்தச் சபைகளுக்கு நேரமில்லை, பதினோரு பைனுக்கு மட்டும் மாநிலம் மொத்தமும் கூடி யோசிக்குமாம். நான் வாயைத் திறப்பதற்குள் படகு வாங்க ஒரு ஆள் வந்துவிட்டான். “கொஞ்சம் இறங்கிக்குங்க, இவர் இதைப் பாக்கணும்” என்று எங்களைப் பக்கத்தில் இருந்த சின்னப் படகுக்கு மாற்றினார். மீதி நியாயத்தை அதில் உட்கார்ந்து கேட்டோம்.

நல்ல நடத்தைக்கு நம் சர்ச் சபையிலிருந்து ஒரு சிபாரிசு வேண்டும் என்று ப்ரூயிட் சொல்லியிருந்தார். அங்கேதான் பிடித்தது சனி. பாஸ்டர் ஸ்பைவியைத் தெரியும் அல்லவா, பட்டணத்துப் பையன், பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தவர். நான் போய்க் காதோடு காதாகச் சொல்லி ஒரு சிபாரிசு எழுதித் தரச் சொன்னேன். எழுதுவதற்கு முன்னால் ஜெபிக்கவேண்டும் என்றார். ஜெபியுங்களேன், யார் வேண்டாம் என்றது? அவரோ புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகவே வைத்துவிட்டார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, “ஆண்டவரே, எங்க சகோதரர் ஹோசியா ஒரு பெரிய திருட்டுக் குற்றத்துல தண்டனை அனுபவிச்சவர்ங்கிறது இங்க பல பேருக்குத் தெரியாது, ஆனா உமக்குத் தெரியும்!” என்கிறார். ஆண்டவருக்குத் தெரியும், சரி. சபை நிர்வாகம் பார்க்கிற டீக்கன் ஆல்டோ பார்ட்ரிஜுக்கு எதற்கையா தெரியணும்? முன் வரிசையில் நாலு பேர் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். நானும் கண்ணை மூடவில்லை, அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு இந்த ஊர்க் கூத்தைக் கேள். இத்தனை வருஷம் காணிக்கைத் தட்டு பிடித்த மனுஷனை “முழங்கால் வலியோட எதுக்குச் சிரமம்?” என்று சொல்லி உட்காரவைத்தார் டீக்கன் பார்ட்ரிஜ். எங்கள் வரிசையில் உட்கார்கிற பாடகர் குழுப் பெண்ணொருத்தி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரன் தன் விறகுக் குவியலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். அவனாவது பூட்டினான், இன்னொருத்தன் வீட்டுக்கே வந்து, “அனுபவம் உள்ளவரு, என் தோட்டத்துல ரெண்டு ஓக் இருக்கு, ராத்திரியோட ராத்திரியா முடிச்சுக் குடுக்க முடியுமா?” என்று கேட்டான். இழந்த உரிமையைத் திருப்பித் தருகிறோம் என்று ஆரம்பித்தார்கள், இவர் மறக்கடித்திருந்த குற்றத்தைத்தான் புத்தம்புதிதாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.  இவர் சபைக்குப் போவதைக் குறைத்தார், வேனை அடிக்கடி கழுவினார்.

எனக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கும் என்று உனக்குத் தெரியும். கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்கிற ஞாயிறு வந்தது. யாருக்காவது சாட்சி உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் எழுந்தேன். “எனக்கு உண்டு. எல்லாரும் தயவுபண்ணி எழுந்து நில்லுங்க” என்றேன். ஏதோ பெரிய அற்புதம் சொல்லப்போகிறேன் என்று மொத்தச் சபையும் எழுந்து நின்றது. “இப்ப எந்திரிச்சீங்களே, அந்த பெஞ்சத் திரும்பிப் பாருங்க. பழைய பாஸ்டர் காலத்துல உக்கார எடமில்லாம தரையில கெடந்தீங்களே, அப்ப எங்க வீட்டுக்காரர் பைன் வெட்டி, இழைச்சு, ஒரு காசு வாங்காம போட்டுக்குடுத்த பெஞ்சு இது. எந்தப் பைன்னு நெனைக்கிறீங்க? போலீசு வந்து மிச்ச மரத்தத்தான் எடுத்துட்டுப் போச்சு. பெஞ்சு ஏற்கனவே இங்க வந்திருச்சு. அவரு திருடன்னா, முப்பது வருஷமா திருட்டு மரத்துல குந்திக்கிட்டுத்தான் நீங்க அல்லேலூயா சொல்றீங்க!” என்றேன். டீக்கன் பார்ட்ரிஜ் முகத்தில் ஈயாடவில்லை. உட்காருவதா, நிற்பதா என்று ஒருவருக்கும் புரியவில்லை. பாஸ்டரும் உட்காரச் சொல்லத் தைரியமில்லாமல் எல்லாரையும் நிற்கவைத்தே பிரசங்கத்தை ஆரம்பித்தார், மனுஷன் அன்றைக்கென்று நீட்டி முழக்கினார். சபை மொத்தமும் காலை மாற்றி மாற்றி நின்றது. கடைசியில் மிஸ் ஐடெல்லாதான், “திருட்டு பெஞ்சோ, தேவதூதர் போட்ட பெஞ்சோ, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு, நான் உக்கார்றேன்” என்று தொப்பென்று உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிபாரிசு திங்கட்கிழமையே வீடு தேடி வந்தது.

மசோதா சட்டசபைக்கு வருகிற நாளை ப்ரூயிட் ஆபீஸிலிருந்து சொன்னார்கள். இவர் அண்ணன் சாவுக்கு வாங்கின கறுப்பு சூட்டை எடுத்து இஸ்திரி போட்டார், ஷூவுக்கு மூன்று தடவை பாலிஷ் போட்டார். தலைநகர் போய் மேல்மாடத்தில் உட்கார்ந்தோம். கீழே பார்த்தால் ஒருத்தர் தூங்குகிறார், ஒருத்தர் போனில் மீன் படம் பார்க்கிறார், இரண்டு பேர் ஏதோ சொல்லித் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் என் புருஷன் யோக்கியன் என்று சொல்லவேண்டுமாம்! எங்களுக்கு முன்னால் நாலைந்து பேருடைய மசோதா போனது. பிறகு “ஹோசியா டூமர்” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் இவர் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார் அக்கா. தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஜட்ஜ் முன்னால் நின்ற மாதிரியே நின்றார். காவலாளி ஓடிவந்து, “உங்களைக் கூப்பிடலைங்க, உக்காருங்க” என்றான். கீழே சட்டசபைத் தலைவர், “இந்த மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் எங்கே?” என்று கேட்டார்.  இன்னொரு தடவை கேட்டார். ப்ரூயிட்டின் நாற்காலி காலியாக இருந்தது. “அடுத்தது” என்றார். அவ்வளவுதான். இந்த வருஷத்து மசோதாக்களுக்கு அன்றோடு கெடு முடிந்தது, இவர் மசோதா செத்தது.

அந்த மகராசன் எங்கே போனான் என்று இவரையும் இழுத்துக்கொண்டு நான் மாடி மாடியாகத் தேடினேன். கீழே தாழ்வாரத்தில் படகுக் கம்பெனிக்காரர்கள் விருந்து வைத்திருந்தார்கள். தட்டு நிறையப் பொரித்த கெளுத்தி மீனோடு நின்றுகொண்டிருந்தார் நம் உறுப்பினர். விஷயத்தைச் சொன்னதும் விரலை நக்கிக்கொண்டு, “அடடா, இன்னிக்கா? சரி விடு ஹோசியா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுக்குள்ள செத்தா போயிடப்போறே?” என்றார். இவர், “சரிங்க சார்” என்றார். சரிங்க சார்! என் வாயில் வந்ததை நான் அப்படியே விழுங்கினேன், ஏனென்றால் இவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.  திரும்பி வருகிற வழியில் ஆற்றுப்பாலம் தாண்டினதற்கு அப்புறம், “என் பேரை மைக்ல தெளிவாத்தான் சொன்னாங்க, இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். 

ஆகவே அக்கா, முடிந்தது கதை. இவர் அந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம் என்றுவிட்டார். நானும் தலை முழுகிவிட்டேன். ஓட்டாம், உரிமையாம், சட்டசபையாம்! கெளுத்தி மீனுக்கு விலைபோகிற கூட்டம். அந்தச் சாக்கடைப் பக்கம் இனி நான் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன், இது உன் மேல் ஆணை. யார் ஜெயித்தால் எனக்கென்ன, யார் தோற்றால் எனக்கென்ன. எனக்கு இருக்கிற வேலைக்கு அரசியல் ஒன்றுதான் குறைச்சல். உன்னிடம் யாராவது ஹோசியாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், செத்தா போயிடப்போறார், நன்றாக இருக்கிறார் என்று சொல்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்களைக் குளிரிலிருந்தும் அயோக்கியர்களிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தங்கை,
ஆர்லீதா டூமர்

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காதே. இதைத் தபாலில் போடப் போனவள், பக்கத்தில்தானே கோர்ட் என்று, கிளார்க் அம்மாளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். சுவரில் வரப்போகிற தேர்தலுக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று ஒட்டியிருந்தது. நம் தொகுதிக்கு நேரே ப்ரூயிட் பேர் மட்டும் தனியாக நின்றது. “அவரை எதிர்த்து யாரும் நிக்கமாட்டாங்கம்மா. இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது” என்றாள். “யாரு வேணா நிக்கலாமா?” என்றேன். “உங்க மேல கேஸ் கீஸ் ஒண்ணும் இல்லையே?” என்றாள். “எங்க வீட்டுக் கேஸெல்லாம் அவர் பேர்லதான் இருக்கு, நான் சுத்தம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆணையை நீ பெரிதுபடுத்தாதே. வெளியே வந்து, வேனில் காத்திருந்த இவரிடம் சொன்னேன். வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. “உனக்கு நான் ஓட்டுப் போட முடியாதே ஆர்லீதா” என்றார்.  “நீங்க போடவேணாம். அடுத்த தடவ உங்க பேரைக் கூப்பிடறப்ப அங்க கீழ ஒரு ஆளு எந்திரிச்சு நிக்கணும். அது நானா இருப்பேன்” என்றேன்.